ஒரு படி மக்ரோனி எத்தனை கிராம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டில் காலை டிபன் பாஸ்தா. பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் முதல்முறையாகத் தனியாகச் செய்தாள். வெங்காயம், தக்காளி, குடைமிளகாய், கொஞ்சம் மிளகாய்த்தூள் என்று நம்ம ஊர் முறைதான்.

அப்பாவுக்கு வயது 78. சர்க்கரை உண்டு. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அவருக்கான டயட் சார்ட் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. காலை டிபன் என்ற இடத்தில் இப்படி இருக்கும்: "அரிசி / ரவை / சேமியா / பாஸ்தா: ½ கப் (60 கிராம்)". மகள் அதைப் பார்த்து, அளவுக் கப்பில் அரைக் கப் சுருள் பாஸ்தா எடுத்துத் தாத்தாவுக்குத் தனியாக வேகவைத்துக் கொடுத்தாள். அவரும் வழக்கமான ஊசியைப் போட்டுக்கொண்டு வழக்கமான நேரத்துக்குச் சாப்பிட்டார்.

பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். "தம்பி, கை நடுங்குது பாரு." சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. குளூக்கோமீட்டரில் 62. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அன்று மதியம் ஒரு சந்தேகம். அரைக் கப் பாஸ்தா உண்மையிலேயே 60 கிராம்தானா? சமையலறைத் தராசை எடுத்து வைத்துப் பார்த்தேன். 43 கிராம். சரி, அப்பா வாரத்தில் நாலு நாள் சாப்பிடும் ரவை? அதே அரைக் கப்பில் 84 கிராம். அதாவது ரவைக்குப் பழகிய உடம்புக்கும் ஊசிக்கும் அன்று கிடைத்தது ஏறக்குறைய பாதி மாவுச்சத்து. சர்க்கரை இறங்கியதற்கு அது ஒன்றே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பாஸ்தா ரவையைவிட மெதுவாகச் செரிக்கும் என்பதும் கணக்கில் உண்டு. ஆனால் சார்ட்டில் இருந்த அந்தச் சாய்வுக்கோடுகள் (அரிசி / ரவை / சேமியா / பாஸ்தா) நாலு வேறு பொருளை ஒரே பொருளாக்கிவிட்டன என்பது மட்டும் நிச்சயம்.

இந்தப் பதிவு அந்தச் சாய்வுக்கோட்டைப் பற்றியது. கொள்ளளவை எடையாக மாற்றுகிறோம் என்று சொல்லும் அட்டவணைகளைப் பற்றிய விமர்சனம். இன்றைய சமையல் குறிப்புகளில் ஆரம்பித்து, நம் ஆட்கள் பெருமையோடு பகிரும் பழைய "படி கணக்கு" வரை போகலாம்.

முதலில் என் தப்பு

யாரையும் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டு மளிகைக்கு நான் ஒரு எக்செல் போட்டிருந்தேன். அதில் ஒரு வரி: கிராம் = மில்லி லிட்டர் × 0.82. அரிசிக்கு அளந்து பார்த்து வைத்த எண். அரிசிக்குச் சரியாக வந்ததால் பருப்பு, ரவை, மாவு எல்லாவற்றுக்கும் அதையே இழுத்துவிட்டேன். இருபது வருஷமாக மற்றவர்களின் கோடை ரிவ்யூ செய்கிறவன், ஒரே ஒரு டெஸ்ட் கேஸ் பாஸானதும் மொத்தத்தையும் ரிலீஸ் செய்திருக்கிறேன்.

இந்த முறை ஒழுங்காக அளந்தேன். வாய் வரை சரியாக 200 மி.லி. பிடிக்கும் எவர்சில்வர் டம்ளர் (தண்ணீரை எடை போட்டு உறுதி செய்தது), ஒரு கிராம் வரை காட்டும் தராசு. ஒவ்வொரு பொருளையும் ஐந்து முறை கொட்டி, குலுக்காமல், ஸ்கேலால் தலை தட்டி, சராசரி எடுத்தேன். ஒரு டம்ளருக்கு வந்த எண்கள்:

பொன்னி அரிசி: 164 கிராம்
துவரம்பருப்பு: 165 கிராம்
ரவை: 140 கிராம்
கோதுமை மாவு: 106 கிராம்
சேமியா (உடைத்தது): 92 கிராம்
வளைந்த மக்ரோனி: 88 கிராம்
சுருள் பாஸ்தா: 71 கிராம்

இதில் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, அரைக் கப்புக்கு 60 கிராம் என்ற சார்ட்டின் எண் ஏறக்குறையப் பொருந்துவது கோதுமை மாவுக்குத்தான். அரைக் கப் மாவு 64 கிராம் வருகிறது. யாரோ எங்கோ மாவுக்கு அளந்த எண்ணை மற்ற எல்லாவற்றுக்கும் இழுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். என் எக்செல்லில் நடந்த அதே வியாதி. அந்த அரைக் கப்பில் அரிசியை எடுத்தால் 98 கிராம், சார்ட் சொல்வதைவிட அறுபது சதவீதத்துக்கும் மேல் அதிகம். பாஸ்தா சாப்பிட்ட நாளில் சர்க்கரை இறங்கியது என்பதால் கவனித்தோம். அரிசி சாப்பிடும் நாட்களில் ஏறியதை "வயசாச்சு" என்று விட்டுவிட்டோம்.

இரண்டாவது, இரண்டும் பாஸ்தாதான், ஒரே கம்பெனி, ஒரே கோதுமை ரவை, ஆனால் வளைவுக்கும் சுருளுக்கும் 17 கிராம் வித்தியாசம். ஆக "பாஸ்தா ஒரு கப் எத்தனை கிராம்" என்ற கேள்விக்கே பதில் கிடையாது. எந்தப் பாஸ்தா என்று கேட்க வேண்டும். எந்தக் கப் என்றும் கேட்க வேண்டும். அமெரிக்கக் கப் 237 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானில் 200, நம் வீட்டு டம்ளர் அவரவர் விருப்பம். அமெரிக்கச் சமையல் குறிப்பைத் தமிழில் போடுகிறவர்கள் பெரும்பாலும் "கப்" என்ற சொல்லை அப்படியே கொண்டுவந்துவிடுகிறார்கள். கப்பை மட்டும் அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

டம்ளருக்குள் காற்று

ஏன் இப்படி? விடை, டம்ளரில் பொருள் எவ்வளவு, காற்று எவ்வளவு என்பதில் இருக்கிறது. இதைப் பார்க்க, அரிசி நிரம்பிய டம்ளரில் விளிம்பு வரை கடலை எண்ணெய் ஊற்றினேன் (தண்ணீர் ஊற்றினால் ஊறிவிடும்). 86 மி.லி. இறங்கியது. டம்ளரில் 43 சதவீதம் காற்று. மக்ரோனி டம்ளரில் 136 மி.லி. இறங்கியது. 68 சதவீதம் காற்று! குழலுக்குள் ஓட்டை, குழல்களுக்கு இடையில் சந்து. காசு கொடுத்து வாங்கிய எண்ணெயை இப்படிச் செய்ததற்கு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

இது சின்ன விளையாட்டுக் கேள்வி இல்லை. 1960 வாக்கில் பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னல் எஃகு குண்டுகளைக் கொட்டிக் குலுக்கி, திரவங்களின் அமைப்பைப் புரிந்துகொள்ள முயன்றார். தாறுமாறாகக் கொட்டி நன்றாகக் குலுக்கிய ஒரே அளவுக் குண்டுகள் இடத்தில் சுமார் 64 சதவீதத்தைத்தான் நிரப்பும். 2004இல் பிரின்ஸ்டனில் டொர்குவாட்டோ, சைகின் குழுவினர் எம் அண்ட் எம் மிட்டாயை வைத்துச் செய்த சோதனை இன்னும் சுவாரசியம். கொஞ்சம் தட்டையான அந்த மிட்டாய், உருண்டையைவிட நெருக்கமாக, 68 சதவீதத்துக்கு மேல் அடைந்துகொண்டது. வடிவம் கொஞ்சம் மாறினாலே அடைசல் மாறுகிறது. மிளகு உருண்டை, அரிசி நீளம், மக்ரோனி ஓட்டை. ஒரே எண் எப்படிச் சரிப்படும்?

இதோடு கையின் கைவரிசை வேறு. அதே மக்ரோனியை மூன்று தட்டுத் தட்டினால் பத்து கிராம் கூடுதலாகப் போகிறது. குலுக்காமல் ஐந்து முறை அளந்ததிலேயே 82 முதல் 93 வரை ஆடியது. பாத்திரம் சின்னதாகவும் துண்டு பெரிதாகவும் இருந்தால் சுவரோரத்தில் வெற்றிடம் அதிகமாகும், ஆட்டமும் அதிகமாகும். பெரிய பாத்திரத்தில் இது குறைய வேண்டும். வீட்டில் பெரிய பாத்திரம் என்றால் அம்மாவின் படி.

அம்மாவின் படி

இரும்புப் படி. வாயில் பித்தளைப் பட்டை, பக்கத்தில் தேய்ந்துபோன ஒரு முத்திரை. தண்ணீர் ஊற்றி அளந்ததில் 1,610 மி.லி. அரிசி தலைதட்டி 1,335 கிராம். மக்ரோனி 745 கிராம், அதுவும் ஐந்து முறையும் பெரிதாக ஆடாமல். தலைப்பில் உள்ள கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டுப் படிக்கு மட்டும்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, தலையைத் தட்டித் தட்டி அளக்கறே? குமிச்சு அளந்து பாரு, அப்பத் தெரியும்." குவித்து அளந்தேன். அரிசி 1,470 கிராம். பத்து சதவீதம் அதிகம். அம்மா சிரித்தார். "அந்தக் குமி யாருக்குங்கறதுலதான் ஊர்ல சண்டையே."

அதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் புகழ்பெற்ற அட்டவணை.

"ஒரு படியில் 14,400 நெல்"

நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாட்ஸப்பில் வருஷத்துக்கு இரண்டு முறையாவது வரும். ஒரு படியில் அவரை 1,800, மிளகு 12,800, நெல் 14,400, பயறு 14,800, அரிசி 38,000, எள் 1,15,000. கீழே "நம் முன்னோரின் அறிவைப் பாரீர்". பகிர்கிறவர்களும் சரி, சிரிக்கிறவர்களும் சரி, யாரும் சரிபார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. ரிவ்யூ செய்துவிடலாம்.

முதலில் உள்கணக்கு. பழைய வாய்பாட்டில் 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி அல்லது படி. ஆக ஒரு படிக்கு 8 ஆழாக்கு. 360 × 5 × 8 = 14,400. கச்சிதம். அதாவது நெல்லின் எண் எண்ணி வந்தது கிடையாது, பெருக்கி வந்தது. அது வரையறை. மற்ற ஐந்தும் அப்படிப் பெருக்கலில் வரவில்லை. அவை யாரோ எண்ணிப் பார்த்தவையாக இருக்கலாம்.

அடுத்து நிஜப் பொருளோடு சோதனை. ஒவ்வொன்றிலும் ஆயிரம் எண்ணி எடை போட்டேன் (இரண்டு சனிக்கிழமை மாலை போனது). ஒரு டம்ளர் எத்தனை கிராம் என்பதையும் எடுத்தேன். இந்த இரண்டும் தெரிந்தால், அட்டவணை சொல்லும் எண்ணிக்கை எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று கணக்கிடலாம். நெல், மண்ணச்சநல்லூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் சொந்தக்காரர் கொடுத்தது. அவரையை விட்டுவிட்டேன், கிடைத்த விதை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருமன். முடிவு:

நெல் 14,400, பொன்னி என்றால்: 437 மி.லி.
நெல் 14,400, மாப்பிள்ளைச் சம்பா என்றால்: 681 மி.லி.
அரிசி 38,000: 540 மி.லி.
எள் 1,15,000: 566 மி.லி.
பயறு 14,800: 650 மி.லி.
மிளகு 12,800: 1,090 மி.லி.

நான் எதிர்பார்த்தது குப்பை. வந்தது அப்படி இல்லை. மிளகைத் தள்ளிவைத்தால் மற்றவை எல்லாம் 430க்கும் 690க்கும் நடுவில் நிற்கின்றன. சும்மா அடித்துவிட்ட எண்களாக இருந்தால் எள்ளும் பயறும் இவ்வளவு பக்கத்தில் வந்திருக்காது, அவற்றின் எண்ணிக்கையில் எட்டு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு சின்னப் படியில், யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மிளகு மட்டும் ஒட்டவில்லை. அது வேறு படியா, வேறு மிளகா என்பதை இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அட்டவணையோடு பகிரப்படும் கடைசி வரி இருக்கிறதே, அது மோசம். ஒரு படி 1.3 லிட்டர் என்றும் 1.6 லிட்டர் என்றும் ஒன்றரைக் கிலோ என்றும், என் கண்ணில் பட்ட பகிர்வுகளில் விதவிதமாக இருக்கிறது. 14,400 நெல் பிடிக்கும் படி 1.6 லிட்டர் ஆகவே முடியாது. அம்மாவின் படியில் பொன்னி நெல்லைக் கொட்டினால் என் கணக்குப்படி 53,000 நெல் வரும். மேல் வரி ஒரு படி, கீழ் வரி இன்னொரு படி. இரண்டையும் ஒரே பெயர் இணைத்துவிட்டது. படி என்பது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறிய அளவு என்ற தகவல் பகிரும் வேகத்தில் உதிர்ந்துவிட்டது.

என் விமர்சனத்தின் மையம் இதுதான். அந்தப் பழைய அட்டவணையின் எண்கள் இன்று பயன்படாது, ஆனால் அதன் முறை சரி. ஒரு பாத்திரம், ஆறு பொருள், ஆறு எண். பொருள் மாறினால் எண் மாறும் என்பதை அது மறைக்கவே இல்லை. அப்பாவின் டயட் சார்ட்டும் என் எக்செல்லும் செய்தது நேர் எதிர். நாலு பொருள், ஒரே எண். இன்னொன்று, நெல்லின் இரண்டு வரியைப் பாருங்கள். வரையறையில் "நெல்" என்று மட்டும் சொல்லி எந்த நெல் என்று சொல்லாததால், ஒன்றரை மடங்கு வித்தியாசம் உள்ளே புகுந்துவிடுகிறது. "பாஸ்தா" என்று மட்டும் எழுதினால் வரும் அதே சிக்கல்.

ராஜராஜன் காலத்துக் கணக்கர்கள்

எந்தப் படி என்று சொல்லாமல் அளவு எழுதக் கூடாது என்பது பழைய ஆட்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் என்று வந்தால், "ஆடவல்லான்" என்னும் மரக்காலால் அளந்தது, அது "இராஜகேசரி" என்னும் மரக்காலுக்குச் சமம் என்று சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். பொன்னுக்கு "ஆடவல்லான்" என்னும் கல், ரத்தினம் முதலியவற்றுக்கு "தட்சிணமேரு விடங்கன்" என்னும் கல். நெல்லுக்குக் கொள்ளளவு, பொன்னுக்கு எடை, இரண்டிலும் எந்தக் கருவி என்ற பெயர். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் உளி வைத்து வெட்டினவர்கள் கூடுதலாக இரண்டு சொல்லுக்குச் சோம்பல் படவில்லை. நாம் டைப் அடிக்கிறவர்கள் "1 கப்" என்று முடித்துவிடுகிறோம்.

குமி யாருக்கு?

இனி அம்மா சொன்ன குமி. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்ல மாட்டார்கள், "லாபம்" என்பார்கள். யாருடைய லாபம் என்பது அளக்கும் கையைப் பொறுத்தது. வாங்கும்போது குவித்து, கொடுக்கும்போது தலைதட்டினால், ஒரு பொய்யும் சொல்லாமல் பத்து சதவீதம் கைமாறிவிடும். எங்கள் படியிலேயே 135 கிராம் அரிசி. மரக்காலே இரண்டு அளவில் இருந்தால் கேட்கவே வேண்டாம். கூலியை முத்திரை போட்ட மரக்காலில்தான் அளக்க வேண்டும் என்பது 1940களில் கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்களே, அதன் பின்னணியில் இருந்ததும் கூலி நெல்லைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்ட பூசல்தான். படியும் மரக்காலும் பாரம்பரியப் பெருமை என்று மட்டும் பகிர்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பகிர வேண்டும்.

1956இல் எடை, அளவுகள் தரச் சட்டம் வந்து, சில வருஷங்களில் வீசையும் பலமும் போய் கிலோ வந்தது. தானியத்தைக் கடையில் எடை போட்டு விற்கும்போது குமி, தட்டு, குலுக்கு எல்லாம் அர்த்தமிழந்துவிடுகின்றன. தராசு காற்றை எண்ணுவதில்லை. அளவு மாற்றத்தை ஏதோ நம் அறிவு பறிபோன கதையாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாதது இதனால்தான்.

அதற்காகப் படியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. காந்தி மார்க்கெட் பக்கம் அவித்த கடலையை இன்னும் ஆழாக்கில் அளந்துதான் கொடுக்கிறார்கள், வாங்குகிறோம். ஒரே பாத்திரம், ஒரே பொருள், ஒரே கை என்றால் கொள்ளளவு நம்பகமானது. தினம் இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று அம்மா அரிசியும் உளுந்தும் அளப்பதில் ஒரு தப்பும் இல்லை, அங்கே விகிதம்தான் முக்கியம். பாத்திரமோ பொருளோ கையோ மாறும்போதுதான் தராசு வேண்டும். ஊசி போட்டுக்கொள்கிறவர் வீட்டில் கட்டாயம் வேண்டும்.

இப்போது வீட்டில்

டயட் சார்ட்டில் கப் என்ற இடத்தையெல்லாம் அடித்துவிட்டுக் கிராம் மட்டும் எழுதி, என் அளவு எண்களோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். அப்பா இத்தனை நாள் நிஜமாகச் சாப்பிட்டு வந்தது எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, உணவு அளவையும் ஊசி அளவையும் அவரே சேர்த்து மாற்றிக் கொடுத்தார். அந்த வேலையை நான் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள்.

சமையலறை டப்பா மூடிகளில் மகள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். "ரவை: இந்த டம்ளருக்கு 140", "சுருள்: இந்த டம்ளருக்கு 71". "இந்த" என்ற சொல்லுக்குக் கீழே அவளே கோடு போட்டிருக்கிறாள். டம்ளரின் அடியிலும் ஒரு ஸ்டிக்கர்.

எண்ணிய நெல் ஒரு பாட்டிலில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய படி, உழக்கு, மரக்கால் ஏதாவது இருந்தால் இறக்கி, தலை வரை தண்ணீர் ஊற்றி அளந்து, ஊர்ப் பெயரோடு எனக்கு எழுதுங்கள். முத்திரை இருந்தால் அதில் தெரியும் எழுத்தையும். பத்து ஊர் வந்தால் அடுத்த பதிவில் அட்டவணையாகப் போடுகிறேன், ஒவ்வொரு வரியிலும் எந்த ஊர்ப் படி என்ற பெயரோடு.